கடைமடையில் ஒரு கொடி: காவிரிக் கழிமுகத்தில் பிரெஞ்சுக்காரர்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும் என்று அன்பர்கள் பணித்தபோது, காரைக்காலைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். உடனிருந்த நண்பர் ஒருவர், "பொட்டிப்புரத்தில் இருந்துகொண்டு காரைக்காலைப் பற்றி எழுதுவானேன்? கம்பம் பள்ளத்தாக்கில் எழுத வரலாறே இல்லையா, ஐயா?" என்று வினவினார். வினா நியாயமானது. அதற்குரிய விடையே இக்கட்டுரை.

நாம் மலையடிவாரத்து மக்கள். 1895ஆம் ஆண்டு பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே முதலில் வந்து இறங்குவது நம் பள்ளத்தாக்கில்தான். முல்லையாறாகவும் சுருளியாறாகவும் நம் வயல்களை நனைத்த பின்னரே அது வைகையோடு கலந்து மதுரைக்கும் சிவகங்கைக்கும் இராமநாதபுரத்துக்கும் செல்கிறது. ஆகவே நாம் தலைமடைக்காரர். பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் வருமா என்று அண்ணாந்து பார்த்திருக்கும் ஊர்கள் நம்மிடையே உண்டு என்றாலும், ஆற்றின் கடைசிச் சொட்டுக்குக் காத்திருப்போரின் துயரம் நமக்கு முழுமையாகத் தெரியாது. அத்துயரத்தின் வரலாற்றை, அயல்நாட்டான் ஒருவனின் கொடி நிழலில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து பார்த்த ஊர் காரைக்கால். தலைமடையில் இருப்பவன் கடைமடையின் கதையைக் கேட்பது கடமை என்று கருதுகிறேன்.

விலைக்கு வந்த ஊர்

காவிரி கடலை அடையுமுன் பல கைகளாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்று அரசலாறு. அந்த ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்தது காரைக்கால். நண்டலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, நூலாறு, திருமலைராசனாறு என்று அச்சிறு நிலப்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் செல்லும் ஆறுகளின் பெயர்களைச் சொன்னாலே அது ஒரு பாட்டுப்போல் ஒலிக்கும். பேயுருக் கொண்டு பாடிய காரைக்கால் அம்மையார் பிறந்த மண் அது. பிரெஞ்சுக்காரன் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் அங்கே கவிதையாகிவிட்டது.

பிரெஞ்சுக்காரர் அவ்வூரைப் போரிட்டுப் பெறவில்லை. விலை பேசிப் பெற்றனர். 1738ஆம் ஆண்டு தஞ்சை மராத்திய அரசுரிமைப் பூசலில் அரியணையை இழந்த சயாஜி, புதுச்சேரி ஆளுநர் துய்மாவின் உதவியை நாடினார். காரைக்காலையும் அதனை அடுத்த கோட்டையையும் சில சிற்றூர்களையும் 40,000 சக்கரத்துக்குத் தருவதாக வாக்களித்தார். அரியணை மீண்டும் கைக்கு வந்ததும் வாக்கை மறந்தார். அப்போது திருச்சிராப்பள்ளியைக் கைக்கொண்டிருந்த சந்தாசாகிபு, தஞ்சையின்மீது தமக்கிருந்த பகையால், அவ்விடத்தைத் தாமே கைப்பற்றிப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தார். 1739 பிப்ரவரியில் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. பின்வந்த பிரதாபசிங்கரும் அதனை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. துய்ப்ளே ஆளுநராக இருந்த காலத்தில், ஏறத்தாழப் பத்தே ஆண்டுகளில், அவர்கள் வசம் வந்த ஊர்கள் 81 ஆயின.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விற்றவன் ஒருவன், வாங்கியவன் ஒருவன், பறித்துக் கொடுத்தவன் மற்றொருவன். இம்மூவருள் எவனும் அந்த 81 ஊர்களில் ஏர் பிடித்தவனைக் கேட்கவில்லை. உழுதவன் ஒருநாள் காலையில் எழுந்தபோது தன் வயல் வேறொரு நாட்டில் இருந்தது.

பிரெஞ்சுக்காரருக்கு அந்த ஊர் ஏன் வேண்டியிருந்தது? புதுச்சேரியைச் சுற்றி நெல் வளம் குறைவு. காவிரிக் கழிமுகமோ நெற்களஞ்சியம். புதுச்சேரிக் கோட்டைக்குச் சோறும் கப்பல்களுக்குத் துணியும் தரக்கூடிய வாசலாகவே அவர்கள் காரைக்காலைக் கண்டனர். ஆகவே அது குடியேற்றம் என்று பெயர் பெற்றாலும், கனடாவில் செயிண்ட் லாரன்சு ஆற்றின் கரைகளில் பிரெஞ்சு உழவர்கள் நிலம் திருத்திக் குடியேறியதைப் போன்றதன்று. அங்கே அவர்கள் கலப்பையோடு சென்றனர். இங்கே கணக்கேட்டோடு வந்தனர். ஏர் பிடித்தவன் தமிழன், வரி கொடுத்தவன் தமிழன், கணக்கெழுதிய துபாசியும் தமிழனே.

அத்தகைய துபாசிகளுள் தலைசிறந்தவர் ஆனந்தரங்கம் பிள்ளை என்பதை நாம் அறிவோம். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு தமிழ் உரைநடைக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். துய்ப்ளேயின் கண்ணும் காதுமாக இருந்த அவர், பிரெஞ்சுக்காரரின் பெருமையை மட்டும் எழுதவில்லை. ஏழை எளியவரை ஏமாற்றிக் கடத்தி அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமை 1743ஆம் ஆண்டுக் குறிப்பில் இடம்பெற்றுள்ளது. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊர் பட்ட துயரும் அதில் பதிவாகியுள்ளது. 1761 சனவரி 12ஆம் நாள் அவர் மறைந்தார். நான்கே நாட்களில், 16ஆம் நாள், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. தாம் எழுதிவந்த உலகம் முடிவதைப் பார்க்குமுன் எழுதிய கை ஓய்ந்துவிட்டது. அந்த நாட்குறிப்பை அடியாகக் கொண்டு பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் இரு நாவல்களைப் படைத்ததும், பின்னதற்கு 1995இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்ததும் நம் வட்டத்தார் நன்கறிந்த செய்திகள்.

நம் வாசல்வரை வந்த கொடி

பிரெஞ்சுப் படைகள் கழிமுகத்தில் நடந்துகொண்ட விதத்துக்கு 1758ஆம் ஆண்டு ஒரு சான்று. படைத்தலைவர் இலாலி காரைக்காலைத் தளமாகக் கொண்டு, பணம் வேண்டித் தஞ்சையின்மீது சென்றார். வழியில் கீழ்வேளூர்க் கோயில் சூறையாடப்பட்டது. ஒற்றர் என்று ஐயுற்றுக் கோயில் அந்தணர் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டனர். தஞ்சை முற்றுகை தோல்வியில் முடிந்தது. படை பசியோடு காரைக்காலுக்குத் திரும்பியது. 1760 ஏப்ரலில் காரைக்கால் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இலாலியோ தம் நாட்டிலேயே குற்றஞ்சாட்டப் பெற்று, 1766இல் பாரிசில் தலை வெட்டுண்டு இறந்தார்.

கதை இத்துடன் கழிமுகத்தில் நின்றுவிடவில்லை. நம் வாசல்வரை வந்தது. ஆங்கிலேயரின் படைத்தலைவராக உயர்ந்து மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிருவகித்த கான்சாகிபு யூசுபுகான், 1763இல் அவர்களுக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் எதிராக எழுந்தார். மதுரைக் கோட்டையில் அவர் ஏற்றியது பிரெஞ்சுக் கொடி. மார்ச்சாண்டு என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவனும் அவனுடைய வீரர்களும் அவருக்குத் துணை நின்றனர். ஆனால் காலத்தின் கேலியைப் பாருங்கள்: அதே 1763 பிப்ரவரியில் பாரிசில் உடன்படிக்கை கையெழுத்தாகி, பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சமாதானமாகிவிட்டனர். கான்சாகிபு நம்பிய கொடிக்குப் பின்னால் அரசு எதுவும் இல்லை. ஓராண்டுக்கு மேல் மதுரைக் கோட்டை தாக்குப் பிடித்தது. முடிவில் மார்ச்சாண்டும் கான்சாகிபுவின் ஆட்கள் சிலரும் சேர்ந்தே அவரைப் பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரைக்கு மேற்கே அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவருடைய உடலைக் கூறுகளாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பினர் என்பதும், ஒரு கால் நம் பெரியகுளத்துக்கு வந்தது என்பதும் செவிவழி வழக்கு. அது மெய்யோ, மக்கள் மனம் புனைந்த அஞ்சலியோ, அந்த வழக்கு நம் மண்ணில் நிலைத்திருக்கிறது என்பது மெய். பிரெஞ்சுக் கொடியை நம்பியவரின் நினைவு ஒன்று வராக நதிக் கரையில் உறங்குகிறது என்றால், காரைக்கால் நமக்கு அவ்வளவு தொலைவான ஊர் அன்று.

பின்னொரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் கொடியில்லாமலும் நம் மலைகளுக்கு வந்தனர். பெரியகுளத்துக்கு மேலே, பழைய கோடைமலைப் பாதை ஏறிச் சேரும் செண்பகனூரில் இயேசு சபைத் துறவியர் 1895இல் குருமடம் நிறுவினர். பெரியாற்று அணை நிறைவுற்ற அதே ஆண்டு அது. மதுரைப் பகுதியில் அச்சபையின் பணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் தொடங்கியவர்கள் பிரெஞ்சுத் துறவியர் ஆவர்.

மடையில்லாத ஆட்சி

1763க்குப் பிறகு காரைக்கால் பந்தாடப்பட்டது. ஐரோப்பாவில் போர் மூண்டால் ஆங்கிலேயர் அதனைப் பிடிப்பர்; சமாதானம் வந்தால் திருப்பித் தருவர். 1778இலும் 1793இலும் அவ்வாறே நடந்தது. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் 1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக்காரர் தம் ஊர்களைத் திரும்பப் பெற்றனர். காரைக்கால் 1817இல் அவர்கள் கைக்கு வந்தது. ஆனால் கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்பன நிபந்தனைகள். 1815இல் செய்த மற்றோர் ஒப்பந்தத்தால் உப்பு வாணிக உரிமையையும் ஆண்டுக்கு 4 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தனர். கடற்கரையில் அரசு இருந்தது; உப்பு அதற்கு உரியதாக இல்லை.

தண்ணீரும் அப்படித்தான். 1799இல் தஞ்சை நாடு கும்பினியாரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. கல்லணையும் பின்னர் 1830களில் ஆர்தர் காட்டன் எழுப்பிய மேலணையும் அவர்கள் வசமே. 1924இல் மைசூரும் சென்னையும் காவிரி நீரைப் பங்கிட்டு ஒப்பந்தம் செய்தன. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. அந்த ஒப்பந்தத்தில் காரைக்காலை ஆண்டவர்களுக்கு இடமில்லை. ஆற்றின் வாயை ஆண்டவர்கள் ஆற்றின் தலையை ஆளவில்லை. நிலத்தின்மேல் அதிகாரம் உண்டு, நீரின்மேல் இல்லை என்னும் நிலையை நம் உழவர்கள் ஒரே சொல்லில் சொல்வார்கள்: மடையில்லாத வயல். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியை மடையில்லாத ஆட்சி என்று சொல்லலாம்.

ஆட்சி வலுவிழந்தாலும் அதன் சட்டங்கள் சில புதுமைகளைக் கொணர்ந்தன என்பதை மறைத்தல் நேர்மையன்று. 1871 முதல் பிரெஞ்சிந்தியா பாரிசு நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்து அனுப்பியது. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் அத்தகைய உரிமை எவருக்கும் இல்லை. ஆயின் ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல் என்று வாக்காளரைப் பிரித்து வைத்தனர். சமத்துவம் பேசிய நாடு வாக்குச் சாவடியில் வரிசையை இரண்டாக்கியது. 1880இல் நகர, ஊராட்சி மன்றங்கள் ஏற்பட்டன. இன்றும் திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி முதலிய ஊர்களில் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்னும் பெயர் வழங்குவது அதன் எச்சம். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி, தம் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்போர் புதிய குடும்பப் பெயர் சூடிக்கொள்ளலாம் என்றாயிற்று. காலணியோடு நீதிமன்றத்தில் நுழைந்தமைக்குத் தடுக்கப் பெற்று, வழக்காடி வென்ற புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 'இலாப்போர்த்து' என்ற பெயரைப் பூண்டவர். 'வாயில்' என்பது அச்சொல்லின் பொருள்.

கப்பலேறிய பெயர்கள்

நம் கவிஞர்களிடையே பிரெஞ்சு ஆட்சியின்மீது ஒரு கனிவு உண்டு. அதற்குக் காரணம் பாரதி. 1908 முதல் 1918 வரை அவருக்கு அடைக்கலம் தந்தது பிரெஞ்சுப் புதுச்சேரி. அந்தப் பத்தாண்டுகள் இல்லையேல் இன்றைய தமிழ்க் கவிதை இல்லை எனலாம். அவர்வழி வந்த பாரதிதாசன், இளமையில் ஆசிரியப் பணியைத் தொடங்கியது காரைக்காலை அடுத்த நிரவியில். ஆகவே நன்றி உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் நன்றி கண்ணை மறைக்கக் கூடாது.

1848இல் பிரெஞ்சுக்காரர் தம் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தனர். கரும்புத் தோட்டங்களில் ஆள் இல்லாமற்போயிற்று. அந்த இடத்தை நிரப்ப ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தமிழரைக் கொண்டுசென்றனர். புதுச்சேரியும் காரைக்காலும் கப்பலேறும் துறைகள் ஆயின. 1861இல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆங்கிலேயர் ஆண்ட ஊர்களிலிருந்தும் ஆள் திரட்ட வழி பிறந்தது. பஞ்சத்தால் வாடிய தஞ்சை, திருச்சி, மதுரைச் சீமை மக்களுக்குக் காரைக்கால் துறை திறந்த கதவாகத் தெரிந்தது. ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் என்ற பெயர்கள் அவர்களுக்கு என்ன சொல்லியிருக்கும்? குவாதலூப்புக்குச் சென்றோர் மட்டும் ஏறத்தாழ 42,000 பேர். மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பவில்லை.

அவர்கள் எடுத்துச் சென்றவை மிகச் சில. மார்த்தினிக் தீவில் 'மல்தெவிதன்' என்று வழிபடப்பெறும் தெய்வம் நம் மதுரைவீரனே. 'நாகூர்மீரா' என்று அங்கே போற்றப்படுபவர், காரைக்காலுக்குத் தெற்கே சில கல் தொலைவில் துயிலும் நாகூர் ஆண்டவர். கடலைக் கடக்கும்போது காப்பவர் என்று நம்பி, சைவரும் வைணவரும் முசுலீமும் அவரைக் கூவி அழைத்திருக்க வேண்டும். மொழி மறந்தது, பெயர் மட்டும் தேய்ந்த வடிவில் நின்றது. ரெயூனியனில் தமிழ் வழித்தோன்றல்களை 'மலபார்' என்றே அழைக்கின்றனர். அங்கே இன்றும் தீமிதி நடைபெறுகிறது.

குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்னும் பெருமகனை இங்கே நினைவுகூர வேண்டும். பிரெஞ்சு மண்ணில் பிறந்த இந்திய வழியினருக்கு வாக்குரிமையும் குடியுரிமையும் மறுக்கப்பட்டன. 1904இல் அவர் தொடங்கிய வழக்கு 1923இல் வெற்றி பெற்றது. பாரிசுக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை காரைக்கால் தமிழனுக்கு இருந்த நாளில், அதே துறையிலிருந்து சென்ற தமிழனின் மகனுக்கு அது இல்லை. ஒரே கொடி, இரண்டு நீதி. அந்த அநீதியை எதிர்த்து வென்றவரின் பெயரிலேயே தில்லைக் கூத்தனின் ஊர் இருந்தது என்பது எனக்கு மயிர்க்கூச்செறியச் செய்யும் செய்தி.

கொடி இறங்கிய பின்

1947இல் இந்தியா விடுதலை பெற்ற பின்னும் ஏழாண்டுகள் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கள் பேராளர்கள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி மாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகத்து 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் தெரிவிக்கலாம் என்பது விதி. சைகோனிலும் பாரிசிலும் உறவுகளைக் கொண்டிருந்த குடும்பங்கள் பல அவ்வாறே செய்தன. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியன், தம்பி பிரெஞ்சுக்காரன் என்னும் விந்தை நிகழ்ந்தது.

கொடி இறங்கிற்று, கடைமடை மாறவில்லை. காவிரி நடுவர் மன்றம் 1991இல் இடைக்கால ஆணை பிறப்பித்தபோது, காரைக்காலுக்கு 6 டி.எம்.சி. நீர் தருமாறு தமிழ்நாட்டைப் பணித்தது. 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பில் அது 7 டி.எம்.சி. ஆயிற்று. 2018இல் உச்சநீதிமன்றமும் அதில் கை வைக்கவில்லை. 1739இல் விலைக்கு வாங்கப்பட்ட ஊர், தன் தண்ணீருக்கு ஒரு கணக்கைக் காகிதத்தில் பெற இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. ஆண்டுதோறும் அந்தக் கணக்கு வயலுக்கு வந்து சேர்கிறதா என்பதை, மேலே எத்தனை மடைகள் திறந்திருக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது.

இப்போது என் நண்பரின் வினாவுக்கு வருகிறேன். கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு கம்பம் பள்ளத்தாக்கோடு முடிவதில்லை. நம் மடையைத் தாண்டிச் செல்லும் நீர் எங்கோ ஒரு கடைமடையைத் தேடிப் போகிறது. காவிரிக்குக் காரைக்கால் என்றால் வைகைக்கு இராமநாதபுரம். கான்சாகிபு பிறந்த பனையூர் அந்தச் சீமையில்தான் உள்ளது. அவர் பிறந்த மண்ணுக்கும், அவருடைய கால் வந்ததாகச் சொல்லப்படும் மண்ணுக்கும் இடையே ஓடுவது ஒரே நீர்.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் அணையைப் போற்றும் கவிதைகள் பல அரங்கேறியுள்ளன. மழையைப் பாடினோம், மலையைப் பாடினோம். கடைமடையைப் பாடியவர் மிகச் சிலர். வரும் பத்தாண்டுகளில் ஒரு பணியை நாம் மேற்கொள்ள வேண்டும் என்று விழைகிறேன். பெரியகுளத்துக் கான்சாகிபு வழக்கைச் சொல்லும் முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். நம் ஊர்க் கண்மாய்களின், மதகுகளின், வாய்க்கால்களின் பெயர்களைத் தொகுப்போம். அவற்றோடு ஒருமுறை வைகையின் கடைசிக் கண்மாய்வரை சென்று, அங்குள்ள கவிஞர்களோடு அமர்ந்து வருவோம்.

ஆனந்தரங்கர் நாள்தோறும் எழுதி வைத்தமையால் ஓர் உலகம் நமக்குக் கிடைத்தது. கப்பலேறியவர்களோ எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய வரலாறு தேய்ந்த பெயர்களாக மட்டும் கிடைக்கிறது. எந்த வகையில் நம் மண்ணின் கதை எஞ்ச வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு நம் கையில் உள்ள எழுதுகோலுக்கு உண்டு.